பி நெகட்டிவ் ஐந்து பேர்

ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் ஒரு படிவம் கொடுப்போம். அதில் ஒன்பதாவது கேள்வி: 'நேற்று இரவு நன்றாகத் தூங்கினீர்களா?' இரண்டு வருடங்களாக என்னைக் காப்பாற்றி வந்தது அந்தக் கேள்விதான். நான் ரத்த வங்கியில் இரவுப் பணி பார்க்கிறேன். தூங்காதவனிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. என்னிடம் யாராவது 'நீ எப்ப குடுக்கப் போற' என்று கேட்டால் ஒன்பதாவது கேள்வியை விரலால் தட்டிக் காட்டுவேன். விதிமுறைப்படி கோழையாக இருக்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உண்மையில் அதுவும் பொய். இரண்டு மணிக்குமேல் வேலை ஓய்ந்துவிட்டால் நாற்காலியிலேயே நாலு மணி நேரம் தூங்குகிறவன் நான். வீட்டுக் கட்டிலில்கூட அப்படி ஒரு தூக்கம் வராது.

என் வேலை ஊசி குத்துவதல்ல, போன் பேசுவது. இரவு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்ததும், கையிருப்பில் எந்த வகை குறைவோ அந்த வகைக்காரர்களைப் பதிவேட்டில் தேடிப்பிடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு ரத்தம் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லூரி மாணவர்கள். அதனால் பரீட்சை தொடங்கினால் எங்கள் ஃப்ரிட்ஜ் காலியாகிவிடும். விபத்துக்காரர்களும் பிரசவக்காரர்களும் பரீட்சை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் சொல்லும் சாக்குகளில் எனக்குத் தெரியாத சாக்கு கிடையாது. 'அம்மா விடமாட்டாங்க' என்பவன், அம்மாவிடம் சொல்லாமல் மூன்று நாள் வெளியூர் சுற்றிவிட்டு வந்திருப்பான். 'போன வாரம்தான் பச்சை குத்தினேன்' என்பது நல்ல சாக்கு. மருத்துவ ரீதியாகவே மறுக்க முடியாது. ஆனால் ஒரே அறையில் தங்கியிருந்த நாலு பேர் அடுத்தடுத்து அதே வாக்கியத்தைச் சொன்னபோது நாலாவது ஆளிடம், "என்ன படம் தம்பி குத்தினீங்க?" என்று கேட்டேன். "இருங்கண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றான். இன்னொருவன் கவலையோடு கேட்டான்: "ரத்தம் குடுத்தா படிச்சதெல்லாம் மறந்துபோகுமா?" "படிச்சிருந்தாத்தானே மறக்கும்" என்றேன். அவன் புகார் கொடுத்தான். அதிலிருந்து போனில் நான் நகைச்சுவையாகப் பேசக் கூடாது என்று உத்தரவு.

யாரும் 'பயமா இருக்கு' என்று மட்டும் சொன்னதே இல்லை. குறை சொல்ல மாட்டேன். நானும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு நான் வந்து பையை மாட்டுவதற்குள் லிஃப்ட் அக்கா வந்து நின்றார். ஆஸ்பத்திரியின் நடு லிஃப்டை இயக்குபவர். ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா மாடியின் சமாசாரமும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சமாசாரமும் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. உடம்பில் இருக்க வேண்டியதில் பாதி ரத்தம்தான் இருந்தது. மூன்றாவது மாடிக்குப் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார். அப்போதும் வாய் மட்டும் ஓயாது.

"என்னடா ராக்கோழி, இப்பதான் விடிஞ்சுதா?"

"உட்காருங்கக்கா."

"உட்கார வரல. நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணி, அதைச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள ரெண்டு பாட்டில் பி நெகட்டிவ் உங்க கையில இருந்தாத்தான் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். இல்லைன்னா டாக்டர் பாட்டுக்கு மூணு மாசம் லீவுல போயிடுவாரு. நான் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா."

"நான் பேசலைன்னா நீ பேசு. போன்ல. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்காங்க."

ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்துத் தள்ளிப்போன ஆபரேஷன். முதல் முறை பி நெகட்டிவ் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்ததை ஒரு விபத்துக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அக்காவின் தம்பி, மகன், தம்பி மகன் எல்லோரையும் குத்திப் பார்த்தாயிற்று. ஒருவருடையதும் சேரவில்லை.

"தேதி வாங்கி வாங்கி எனக்குக் கல்யாணத் தேதி மாதிரி ஆயிடுச்சுடா" என்றார் போகும்போது. "மாப்பிள்ளைதான் வந்தபாடில்ல."

கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடந்தார். அவர் நகங்கள் காகிதம் மாதிரி வெளுத்திருந்தன.

லேப் சார் அலமாரியைத் திறந்தார். எங்கள் பிரிவின் மூத்த டெக்னீஷியன் அவர். இரண்டு வருடமாக என்னிடம் ஒரே ஒரு முறைதான் நல்ல வார்த்தை பேசியிருக்கிறார், அதுவும் ஆள் மாறி. நீல அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வேற எல்லாப் பதிவேட்டையும் பார்த்தாச்சு. பக்கத்துல இருக்கிற மூணு வங்கியிலயும் கேட்டாச்சு. இது உங்க காலேஜ் நோட்டு. இருநூத்திப் பன்னெண்டு பேர். பி நெகட்டிவ் மட்டும் அஞ்சு பேர் இருக்கானுங்க. ஆனா நம்பறதுக்கில்ல."

"ஏன் சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன.

"இதுலேர்ந்து எத்தனை பேரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கேன். வந்தவன் ஒருத்தனுக்கும் எழுதியிருக்கிற குரூப் சரியா இல்ல. இருபது வயசு ஆகுது, தன் ரத்தம் என்னன்னு தெரியல. என்ன படிக்கிறானுங்களோ போ. ஆமா, நீ அந்தக் காலேஜ்தானே, இதை யாரு எழுதினது?"

"எனக்கு முன்னாடி இருந்தவன் சார். படிப்பை விட்டுட்டு ஓடிட்டான்."

பாதி உண்மை. படிப்பை விட்டுவிட்டு ஓடியவன்தான் எழுதினான். எனக்கு முன்னால் யாரும் இல்லை.

கல்லூரியில் ரத்ததானக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளருக்கு வருகைப்பதிவில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டதும் நான் செயலாளரானேன். வருடக் கடைசியில் இருநூறு பேர் கொண்ட பதிவேடு ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வகுப்புகளுக்குப் போய்க் கேட்டேன். ஒருவன் 'நீ முதல்ல குடுடா' என்றான். அதோடு களப்பணியை முடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் போன் எண்கள் இருந்த பட்டியலை வாங்கி வந்து, விடுதி அறையில் ஒரே இரவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ரத்த வகை வழங்கினேன். மூன்று பேனா, நாலு விதமான கையெழுத்து. எந்த வகை நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கும் என்று நூலகத்தில் பார்த்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அரிய வகைக்காரர்கள் யாருமே இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று பி நெகட்டிவ் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். இந்த அக்கறையில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் தேறியிருப்பேன்.

நான் உண்மையிலேயே பி நெகட்டிவ். என் பெயரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. எங்கே கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். என் பங்கைப் பக்கத்து இருக்கைக்காரன் பெயருக்கு எழுதிவிட்டேன்.

அந்தப் பதிவேட்டுக்குக் கல்லூரி ஒரு சான்றிதழ் கொடுத்தது. நான் மூன்றாம் வருடத்தில் வெளியேறியபோது என் கையில் இருந்த ஒரே சான்றிதழ் அதுதான். அதை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் காட்டித்தான் இந்த வேலையை வாங்கினேன்; லேப் சார் அதைப் பார்த்ததில்லை. வேலை விண்ணப்பத்தில் 'ரத்த வகை' என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். ரத்த வங்கியில். சேர்ந்த நாளிலிருந்து என் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து எழுதி வருகிறேன்.

இப்போது அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நானே கற்பனை செய்த ஐந்து பேரை நானே கூப்பிட வேண்டும்.

முதல் எண் டயர் கடைக்குப் போயிற்று. இரண்டாவது ஆள், "நான் ஓ பாசிட்டிவ் அண்ணே. பி நெகட்டிவ்னு எவன் சொன்னான்?" என்றான்.

"பதிவேட்டுல இருக்கு தம்பி."

"எவனோ கிறுக்கன் எழுதியிருக்கான்."

"ஆமா தம்பி" என்றேன்.

மூன்றாவது எண்ணில் அம்மா எடுத்தார். "அவனே ரத்தமில்லாம சோகை பிடிச்சுக் கெடக்கான். டானிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அதையும் உறிஞ்ச வந்துட்டீங்களா?" நாலாவது ஆள் 'ரத்த' என்று நான் ஆரம்பித்ததுமே வைத்துவிட்டான். சாக்குகூடச் சொல்லவில்லை. அந்த நேர்மையை மதித்தேன்.

ஐந்தாவது, பக்கத்து இருக்கைக்காரன். நீளமான கழுத்து. வகுப்பில் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம். குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"வணக்கம், ரத்த வங்கியிலேர்ந்து பேசறோம்."

"பி நெகட்டிவ் வேணுமா?"

"ஆமா, அது எப்படி..."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுறீங்களே. முதல் தடவை நம்பி வந்தேன். குத்திப் பார்த்துட்டு ஏ பாசிட்டிவ்னாங்க. நோட்டுல மட்டும் யாரும் திருத்தல. கண்ணாடி போட்ட ஒரு சார் என்னைத் திட்டினாரு பாருங்க, படிச்ச பையனா நீன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்தது வந்தாச்சுன்னு ஏ பாசிட்டிவையே குடுத்துட்டுப் போனேன். இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றேன். பகல்ல." சட்டென்று அவன் குரல் மாறியது. "டேய், நீதானே?"

"யாரு?"

"தொண்டையைக் கட்டிக்கிட்டுப் பேசினா தெரியாதா? மூணு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து உன் குறட்டையைக் கேட்டவன்டா நான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். லேப் சார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நோட்டு எழுதினது நீன்னும் தெரியும். என் பேனாவுலதானே எழுதின. உன் அடையாள அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்கும், பி நெகட்டிவ்னு. ரெண்டு வருஷமா உன் ரத்தத்துக்கு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

"ஏன்டா சார்கிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்கு வேலை போகும். உனக்கு வேற என்ன தெரியும்? சரி, யாருக்கு வேணும்?"

அக்காவைப் பற்றிச் சொன்னேன். நாளை மாலை ஆறு மணி, இரண்டு யூனிட் என்றேன்.

"ஒண்ணு உன்கிட்ட இருக்கு. இன்னொண்ணு எங்க காலேஜ்ல எவன்கிட்டயாவது இருக்கும். நான் இப்ப அங்கயே பட்டறையில வேலை பாக்குறேன். பரீட்சை வாசல்லயும் நான்தான் நிக்கிறேன், அட்டையைப் பார்த்து உள்ள விடுற டூட்டி. காலைல ஒன்பது மணிக்கு வா."

"நான் நைட் டூட்டிடா. தூங்காதவன்கிட்ட எடுக்க மாட்டாங்க, ஒன்பதாவது கேள்வி..."

"பகல்ல தூங்கு."

எவ்வளவு எளிய வழி. எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்தவன் வாயால் கேட்டபோதுதான் அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் நின்றேன். பரீட்சைக்கு வருகிறவர்கள் கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். அட்டையின் கீழ்ப்பகுதியில் ரத்த வகை அச்சாகியிருக்கும். நான் படித்த காலத்திலும் அப்படித்தான். ஒரு வாரம் வாசலில் நின்று படித்திருந்தால் உண்மையான பதிவேடே கிடைத்திருக்கும். கற்பனை செய்வது எனக்குச் சிரமம் குறைந்ததாகத் தோன்றியிருக்கிறது.

ஒட்டகம் ஹால் டிக்கெட்டைப் பார்த்தான். நான் அட்டையைப் பார்த்தேன். மூன்றாவதாக வந்த பெண், "எங்க பாக்குறீங்க?" என்றாள்.

"ரத்த வகை பாக்குறேன்மா."

"நல்லாப் பாத்தீங்க. இவரு யாரு சார்?"

ஒட்டகம் குரல் கொடுத்தான்: "எல்லாரும் அட்டையைக் கழட்டிக் கையில பிடிச்சுக் காட்டுங்க. இவன் பார்வை சரியில்ல." வரிசையே சிரித்தது. முன்னாள் செயலாளரின் மறுவருகை அப்படி அமைந்தது.

அட்டைகள் நகர்ந்தன. பி நெகட்டிவ் தேடுகிறோம் என்ற செய்தி வரிசையில் பின்னோக்கிப் பரவியதும் ஒரு விநோதம் நடந்தது. மற்ற வகைக்காரர்கள் எல்லோரும் வீரர்களாகிவிட்டார்கள். "அய்யோ, நான் ஓ பாசிட்டிவ் ஆச்சே. இல்லாட்டி இப்பவே குடுத்திருப்பேன்" என்று ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "ஓ பாசிட்டிவும் இல்லப்பா, ஃப்ரிட்ஜ்ல ஏழுதான் இருக்கு" என்றேன். அவன் வினாத்தாள் மாதிரி முகத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஒன்பதரைக்கு முதல் பி நெகட்டிவ் வந்தது. தோளில் நீளமான வரைபடக் குழாய் மாட்டியிருந்த பையன்.

"நாளைக்கு டிராயிங் பரீட்சை அண்ணே. கை நடுங்கிடும்."

"எந்தக் கையில வரைவே?"

"வலது."

"இடது கையில எடுத்துக்கலாம்."

"ஸ்கேலை இடது கையிலதானே பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டான். பதில் தயாராக இருந்திருக்கிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது வந்தது. முன்பு என்னை முறைத்த பெண்ணின் தோழி, குச்சி மாதிரி இருந்தாள்.

"ஒரு மணிக்கு முடிஞ்சதும் வர்றேன். எந்த மாடி?"

"முதல் மாடி. வீட்ல கேட்டுட்டு..."

"இதுல கேக்க என்ன இருக்கு? மூணு வருஷமா மெசேஜ் வருது, 'மாணவர்களே திரண்டு வாரீர்'னு. திரளுறதுன்னா யாரு? நேர்ல வந்து என்னைப் பார்த்து யாரும் கேட்டதில்ல. நீங்கதான் கேக்குறீங்க. கேட்ட விதம்தான் சரியில்ல."

பிறகு நோட்டில் அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தேன். பெரும்பான்மையோடு சேர்த்துவிட்டிருக்கிறேன்.

ஒட்டகம் என்னைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குக் கூட்டிப்போனான். ஒரு நீள மேசையைத் துடைத்து, "படு. நாலு மணிக்கு வந்து எழுப்புவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனான். ஓடிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று நானும்தான் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தினமும் பார்க்கிற பைகள்தான், தினமும் எடுத்துக் கொடுக்கிற ஊசிகள்தான். எல்லாம் அடுத்தவன் கைக்கு என்றிருந்தவரை சாதுவாக இருந்தன. தூக்கம் வராவிட்டால் நல்லது என்று ஒரு யோசனை வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று உண்மையாகவே எழுதலாம். அந்த நிம்மதியில் தூங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டடத்தில் பரீட்சைக் கண்காணிப்பாளர் எழுந்து வந்து பட்டறையில் எந்த இயந்திரம் ஓடுகிறது என்று கேட்டாராம்.

நாலரைக்கு ஒட்டகம் என்னை ரத்த வங்கி வாசலில் கொண்டுவந்து விட்டான். உள்ளே லேப் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பொண்ணு வந்துச்சா சார்?"

"வந்துச்சு. நாப்பத்து மூணரை கிலோ. நாப்பத்தஞ்சு இருந்தாத்தான் எடுக்கலாம். பேக்கோட நிக்கட்டுமான்னு கேக்குது. பேக்குலேர்ந்தா ரத்தம் எடுக்கப் போறோம்? கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு." நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்கடா பகல்ல?"

எதைச் சொன்னாலும் இரண்டாவது யூனிட் இல்லை என்று ஆகிவிட்டது. இருந்தாலும் சொன்னேன்.

"சார், நான் பி நெகட்டிவ்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்போலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

"இங்க சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஆமா சார். அந்த நீல நோட்டும் நான்தான் எழுதினேன். எல்லாமே கற்பனை."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல படு. உன்னை வேலையை விட்டுத் தூக்குறதா வேண்டாமான்னு பை நிறைஞ்சப்புறம் யோசிக்கிறேன்."

படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவது கேள்வியில் 'இரவு' என்பதை அடித்துவிட்டு 'பகல்' என்று எழுதி, ஆம் என்று குறித்தேன். விரல் நுனியில் குத்தினார். பத்து வயதுப் பிள்ளை போல விரலை வாயில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். ரத்த அளவு போதுமானதாக இருந்தது. அதிலும் தப்பிக்க வழியில்லை.

படுக்கையில் ஏறியபோது மணி ஐந்து. அப்போதுதான் அந்தக் குச்சிப் பெண் மறுபடியும் உள்ளே வந்தாள். பின்னால் வரைபடக் குழாயோடு அந்தப் பையன். குழாயின் வாரை அவள் பிடித்திருந்ததால் அவனால் வேறெங்கும் போக முடியவில்லை.

"என் கிளாஸ்தான். இவன்கிட்ட எடுத்துக்கங்க. அறுபத்தெட்டு கிலோ, கடைக்குப் போய் எடை பார்த்தே கூட்டிட்டு வந்துட்டேன்."

லேப் சார் பையனைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா? யாரும் கட்டாயப்படுத்தினா எடுக்க மாட்டேன்."

"சம்மதம் சார்." குழாயைத் தோளிலிருந்து இறக்கினான். "டிராயிங்கெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு ஊசின்னா பயம்."

இரண்டு வருடங்களில், எத்தனையோ போன்களுக்குப் பிறகு, அந்த வாக்கியத்தை முதல்முறையாகக் கேட்டேன்.

"எனக்கும்தான்" என்றேன் படுக்கையிலிருந்து.

"நீங்க இங்க வேலை பாக்குறவர்தானே?" என்றான். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். முகம் இன்னும் வெளிறியது.

பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடித்தேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்று தோன்றியது. "முடிஞ்சுதா சார்?" என்று கேட்டேன்.

"இன்னும் குத்தவே இல்ல. பஞ்சு போட்டுத் துடைச்சிருக்கேன்."

பையன் சிரித்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குக் குத்தியது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஏழு நிமிடத்தில் அவன் எழுந்து உட்கார்ந்தான். நானும் எழுந்தேன். அவன் நின்றான், நான் விழுந்தேன். கண் திறந்தபோது என் கால்கள் இரண்டையும் அந்தக் குச்சிப் பெண் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன் தனக்குக் கொடுத்த ஜூஸை என் வாயில் வைத்திருந்தான். "உங்களுக்குத்தான் ரொம்ப பயம்போல" என்றான், பெரிய மனுஷன் மாதிரி. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு பைகளிலும் எண் ஒட்டி, லேப் சார் சோதனைக்கு எடுத்துப்போனார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கு, கட்டியை எடுத்தாயிற்று, நல்லபடியாக இருக்கிறார் என்று மேலிருந்து போன் வந்தது. லேப் சார் போனை வைத்துவிட்டு நீல நோட்டை என் மேசையில் போட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு பேர். ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு, பொய்யா எழுதினது நான்தான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு, சரியான குரூப்பைக் கேட்டு எழுது. எழுத்தைச் சாய்க்காம எழுது. இது முடியறவரைக்கும் உனக்கு வேலை இருக்கு."

இதுவரை நூற்று நாற்பதாவது ஆளிடம் வந்திருக்கிறேன். நான் வேகமாகக் கூப்பிடுவதில்லை. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பதினொரு பேர் இந்தக் கிறுக்கனை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். வந்தவர்களில் எட்டுப் பேரிடம் லேப் சார் ரத்தம் எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை வார்டுக்குப் போனேன். யார் ரத்தம் யாருக்கு என்று நாங்கள் சொல்லக் கூடாது. ஆனால் நான் விழுந்த கதை அக்காவுக்கு மயக்கம் தெளிவதற்கு முன்பே வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"உன் ரத்தமாடா எனக்கு ஏத்தினாங்க?"

"ஒரு பாட்டில் என்னோடதுதான்க்கா" என்றேன். அடக்கமாகச் சொல்வது எப்படி என்று வரும் வழியிலேயே பழகிப் பார்த்திருந்தேன்.

"அதான் ரெண்டு நாளா எந்த வேலையும் செய்யப் பிடிக்கல."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தையல் வலிக்க வலிக்க. நகங்களில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. நான் மிதந்தபடி கீழே இறங்கி வந்து, ரத்தம் வழங்கிய பேரேட்டைப் புரட்டினேன். என் எண்ணை ஒருமுறை பார்க்க ஆசை.

அக்காவுக்கு ஏற்றியது ஒரு யூனிட்தான். எதிர்பார்த்த அளவுக்கு ரத்தம் போகவில்லை. ஏறியது அந்தப் பையனுடையது. என்னுடையதை யாரும் கேட்கவே இல்லை. அது ஃப்ரிட்ஜின் இரண்டாவது தட்டில், 'தேவைப்பட்டால்' என்ற சீட்டோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு யாரோ ஒருவருக்குக் கொடுத்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடியும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். இப்போது மூன்றாவது மாடிவரை மூச்சு வாங்காமல் பேசுகிறார். நான் ஏறினால் போதும், உள்ளே நிற்கிற நோயாளி, நர்ஸ், மருந்துக்காரர் எல்லோரிடமும் என்னைக் காட்டுவார். "இந்தா நிக்கிறானே ராக்கோழி, இவன் ரத்தம்தான் என் உடம்புல ஓடுது. பார்த்தா தெரியாது, ஆனா நல்ல பையன்."

எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இல்லை, அது வேறொரு பையனுடையது என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். அதற்குள் மாடி வந்துவிடும்.

ரத்த வங்கி முதல் மாடியில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு படி. நான் லிஃப்டில்தான் போகிறேன்.